நகர்ந்தது நிலையமா, பெட்டியா?

மலையகத்தில் சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். அந்திக்கு லயத்து இஸ்தோப்பில் பெட்டியை வைத்து, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, இலங்கை வானொலியைத் தெளிவாகப் பிடித்து வைப்பார்கள். இருட்டிக் குளிர் இறங்கும். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் பாட்டு கரகரக்கத் தொடங்கும். வேறு ஏதோ நாட்டு அறிவிப்பாளர் குறுக்கே வந்து பேசுவார். திருகியை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் ஒரு நூலளவு திருப்பினால் பாட்டு திரும்ப வந்துவிடும். “ஸ்டேசன் நகர்ந்துருச்சு” என்று சொல்லிவிட்டு எல்லாரும் கேட்பதைத் தொடர்வார்கள்.

உண்மையில் நகர்ந்தது எது? கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் நின்ற ஒலிபரப்பியா, இஸ்தோப்பில் இருந்த பெட்டியா? பதிலை யாரும் ஊகித்துவிடலாம். நிரூபிப்பது எப்படி என்பதுதான் கேள்வி. மீடிறனை அளக்கும் வித்தை முழுவதும் இதற்குள் அடங்கிக் கிடக்கிறது. கட்டைவிரல் அளவு டொங்கிள் ஒன்றைக் கணினியில் செருகி, தலைக்கு மேலே பறக்கும் செய்மதியின் பாதையைக் கணக்கிடுகிறவரும் இந்தக் கேள்விக்கு விடை காணாமல் ஓர் அடி நகர முடியாது.

வித்தியாசம் மட்டுமே தெரியும்

வானொலி அலை ஒரு விநாடியில் எத்தனை தடவை அதிர்கிறதோ அதுவே அதன் மீடிறன். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது அதிர்வெண். அலகு ஹேர்ட்ஸ். சிற்றலையின் 25 மீற்றர் பகுதி ஏறத்தாழ 12 மெகாஹேர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 1 கோடி 20 இலட்சம் அதிர்வுகள்.

இவ்வளவு வேகமான அலையை அப்படியே வடிகட்டிப் பெருக்குவது கடினம். அதற்கு 1918இல் அமெரிக்கப் பொறியியலாளர் எட்வின் ஆம்ஸ்ட்ரோங் ஒரு வழி கண்டார். நம் வீட்டுப் பெட்டிகள் எல்லாம் பின்பற்றியது அந்த வழியைத்தான். பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு அலையம் இருக்கும். அது தன் பாட்டில் ஓர் அலையை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து வரும் அலையை அதனோடு கலந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாச மீடிறனில் புதிதாக ஓர் அலை பிறக்கும். அந்த வித்தியாசம் 455 கிலோஹேர்ட்ஸ் வரும்போதுதான் பெட்டி பாடும். நாம் திருகியைத் திருப்பும்போது உள்ளே மாறுவது இந்த அலையத்தின் மீடிறன்.

ஆக, பெட்டிக்குத் தெரிவது வித்தியாசம் மட்டுமே. வித்தியாசம் மாறினால் வெளியலை மாறியதா, உள்ளலை மாறியதா என்று பெட்டியைக் கேட்டுப் பயனில்லை. உள்ளலையை உண்டாக்கும் ஆளைப் பார்ப்போம். உள்ளே இருப்பது ஒரு செப்புச் சுருளும் ஒரு கொள்ளளவியும். குளிரில் இவை இம்மியளவு சுருங்கும். மீடிறனும் கூடவே மாறும். ஒரு பாகை செல்சியஸுக்குப் பத்து இலட்சத்தில் 100 பங்கு மாறுவதாக வைத்துக்கொள்வோம். 12 மெகாஹேர்ட்ஸில் அது 1,200 ஹேர்ட்ஸ். இஸ்தோப்பு 5 பாகை குளிர்ந்தால் 6 கிலோஹேர்ட்ஸ். சிற்றலையில் நிலையங்களுக்கு 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில்தான் இடம் ஒதுக்குகிறார்கள். அந்நிய அறிவிப்பாளர் எப்படி உள்ளே வந்தார் என்பது இப்போது விளங்கும். பற்றரி இறங்கினாலும் இதே கதைதான். மறுபக்கம், ஒலிபரப்பியின் மீடிறனைக் குவாட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது. அந்தப் படிகத்தை வெப்பநிலை மாறாத சிறு பெட்டகத்துக்குள் வைத்துக் காப்பார்கள்.

இது நியாயமான சந்தேகம், நிரூபணம் ஆகாது. நிரூபிக்கப் பக்கத்துக் காம்பராவுக்குப் போக வேண்டும். அங்கே அடுப்படிச் சூட்டில் இருக்கும் பெட்டியில் அதே நிலையம் நகராமல் பாடிக்கொண்டிருந்தால், குற்றவாளி நம் பெட்டி. இரண்டு பெட்டியிலும் ஒரே நேரத்தில் சத்தம் தேய்ந்து, திருகியும் சரிவராவிட்டால், அது வானத்தின் மேலடுக்கான அயனமண்டலத்தின் வேலை. ஒரு கருவியின் குற்றத்தை இன்னொரு கருவிதான் காட்டிக்கொடுக்க முடியும்.

கொழுந்து மடுவத்தில் இந்த வழக்கு நாள்தோறும் நடக்கிறது. தராசு ஒரு எடை சொல்லும். கொழுந்து எடுத்தவரின் தோள் இன்னொரு எடை சொல்லும். அதே கொழுந்தை எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் வாக்குவாதம் தீராது. எடை தெரிந்த படிக்கல் ஒன்றைத் தராசில் வைத்தால் ஒரு நிமிடத்தில் தீரும். மீடிறன் அளப்பவருக்கும் வேண்டியது அப்படி ஒரு படிக்கல். அதை எங்கே தேடுவது என்பதைப் பின்னால் பார்ப்போம், முதலில் தராசு.

டொங்கிளுக்குள் ஒரு படிகம்

தாய்வானின் ரியல்டெக் நிறுவனம் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்கென்று ஆர்டிஎல் 2832 யு என்ற சிப் ஒன்றைத் தயாரித்தது. அதை வைத்து மலிவான யூஎஸ்பி டொங்கிள்கள் சந்தைக்கு வந்தன. அந்தச் சிப், தான் வாங்கும் அலையை எந்த மாற்றமும் செய்யாமல் அப்படியே எண்களாகக் கணினிக்கு அனுப்பவும் வல்லது என்பதை 2012இல் பின்லாந்து நிரலாளர் அன்ட்டி பலோசாரி கவனித்தார். ஒஸ்மோகொம் என்ற திறமூலக் குழு அதற்கு மென்பொருள் எழுதியது. ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான ஆய்வுகூடக் கருவிகள் செய்த வேலையில் ஒரு பகுதி, அன்றிலிருந்து பாடசாலை மாணவர் கைக்கு எட்டும் விலைக்கு வந்தது.

பழைய பெட்டியில் வடிகட்டுவது, பிரிப்பது, ஒலியாக்குவது எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சுற்றுகள் இருந்தன. இங்கே அந்த வேலைகளைக் கணினி நிரல் செய்கிறது. ஆகவேதான் இதற்கு மென்பொருள் வானொலி என்று பெயர். நிரலை மாற்றினால் அதே டொங்கிள் பண்பலைப் பெட்டியாகும், விமானங்களின் அறிவிப்பைப் படிக்கும் கருவியாகும், மீடிறன்மானியும் ஆகும்.

பிளாஸ்டிக் கூட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கறுப்புச் சிப்புகளும், அவற்றின் அருகே அரிசியைவிடச் சற்றே பெரிய வெள்ளி நிற உலோகக் குப்பி ஒன்றும் தெரியும். அந்தக் குப்பிதான் குவாட்ஸ் படிகம். மீடிறன் 28.8 மெகாஹேர்ட்ஸ். ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹேர்ட்ஸ் வரை எந்த அலையைத் தேடினாலும், டொங்கிள் தன் உள்ளலையை இந்த ஒரு படிகத்திலிருந்துதான் உருவாக்குகிறது. படிகம் பத்து இலட்சத்தில் 50 பங்கு பிசகினால், அளக்கும் ஒவ்வொரு மீடிறனும் அதே விகிதத்தில் பிசகும். மலிவான டொங்கிள்களில் இந்த அளவுப் பிசகு சகஜம். போதாக்குறைக்குச் செருகிய முதல் கால் மணி நேரத்தில் சிப்புகள் சூடேறும். படிகமும் சேர்ந்து நகரும். ஜனவரி, பெப்ரவரியில் தேயிலைத் தளிரையே கருக்கும் உறைபனி விழும் நுவரெலியாவில், திறந்த யன்னலோரம் டொங்கிளை வைத்து அளப்பவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எண்களிலிருந்து மீடிறன்

டொங்கிள் விநாடிக்கு 24 இலட்சம் தடவை அலையை மாதிரியெடுக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு எண்களை அனுப்புகிறது. ஒவ்வொன்றும் 0க்கும் 255க்கும் இடையில். ஏன் இரண்டு? ஓர் எண் அலையின் உயரத்தை மட்டும் சொல்லும். கால் சுற்றுத் தள்ளி எடுத்த இன்னோர் எண்ணும் கூடினால், அலை தன் சுற்றில் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, எந்தப் பக்கமாகச் சுழல்கிறது என்பதும் தெரிந்துவிடும். நாம் வைத்த நடு மீடிறனுக்கு 1,000 ஹேர்ட்ஸ் மேலே இருக்கும் அலையையும் 1,000 ஹேர்ட்ஸ் கீழே இருக்கும் அலையையும் ஓர் எண்ணை வைத்துப் பிரித்தறிய முடியாது. இரண்டு எண் இருந்தால் ஒன்று இடஞ்சுழி, மற்றது வலஞ்சுழி; குழப்பமில்லை.

கையில் இப்போது எண்களின் பெருங்குவியல். இதில் எந்தெந்த மீடிறன் எவ்வளவு வலிமையாகக் கலந்திருக்கிறது என்று பிரித்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு மீடிறனாக எடுத்து, எல்லா எண்ணோடும் பெருக்கிக் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் ஏறத்தாழ பத்து இலட்சம் எண்சோடிகளுக்கு ஓர் இலட்சம் கோடிப் பெருக்கல்கள் தேவைப்படும். 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜோன் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியே மாற்றம் அதே வேலையை ஏறத்தாழ இரண்டு கோடிப் பெருக்கல்களில் முடிக்கிறது. அதன் அடிப்படையை 1805 வாக்கிலேயே கணித மேதை கவுஸ் கண்டு குறித்து வைத்திருந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. இன்று சாதாரண மடிக்கணினி இதை ஓயாமல் செய்து, திரையில் வரி வரியாக வரைந்து கீழே தள்ளிக்கொண்டே போகிறது. இடம் வலமாக மீடிறன், மேலிருந்து கீழாக நேரம், நிறத்தில் வலிமை. நகராத அலை நேர்க்கோடாக விழும். நகரும் அலை சாய்ந்தோ வளைந்தோ விழும்.

கோடு எவ்வளவு மெல்லியதாக விழும் என்பது நாம் எவ்வளவு நேரம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு விநாடி முழுவதும் சேர்த்த எண்களை வைத்துக் கணக்கிட்டால் 1 ஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்கும் இரு அலைகளைப் பிரித்துக் காணலாம். விநாடியின் பத்தில் ஒரு பங்கு மட்டும் கேட்டால் 10 ஹேர்ட்ஸ். இதைப் பிரிவலு என்பார்கள். எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. 1 ஹேர்ட்ஸ் வித்தியாசமுள்ள இரண்டு அலைகள் ஒன்றுக்கொன்று ஒரு முழுச் சுற்று விலகுவதற்கே ஒரு விநாடி ஆகிறது. அதற்கு முன் அவை இரண்டு என்று சொல்ல எந்தச் சான்றும் இராது.

ஆனால் பிரிவலு வேறு, துல்லியம் வேறு. திரையில் கோடு மெல்லியதாக இருக்கிறது என்பதற்காக அது சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. தராசின் முள் கூராக இருந்தால் மட்டும் எடை சரியாகிவிடாது. இனிப் படிக்கல்லைத் தேடலாம்.

தோட்டத்துக் கோபுரமே படிக்கல்

மலைநாட்டில் எந்தக் குன்றின் தலையைப் பார்த்தாலும் ஒரு கையடக்கத் தொலைபேசிக் கோபுரம் தெரியும். மீடிறன் அளப்பவருக்கு அது பெரிய வரம். ஜிஎஸ்எம் எனப்படும் இரண்டாம் தலைமுறைத் தொலைபேசி முறையின் விதிப்படி, கோபுரத்தின் மீடிறன் இரண்டு கோடியில் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. 940 மெகாஹேர்ட்ஸில் அது வெறும் 47 ஹேர்ட்ஸ். இந்தக் கண்டிப்புக்குக் காரணம் நம் பையில் இருக்கும் தொலைபேசி. அதற்குள்ளும் மலிவான படிகம்தான் இருக்கிறது. அது கோபுரத்தைக் கேட்டுக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டால்தான் அழைப்பு நிலைத்து நிற்கும். அதற்கென்றே கோபுரம் தன் நடு மீடிறனிலிருந்து 67.7 கிலோஹேர்ட்ஸ் மேலே ஒரு சுத்தமான தொனியை, விநாடிக்கு இருபது தடவைக்கு மேல், சிறு துணுக்காக அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

டொங்கிளும் அந்தத் தொனியைக் கேட்கலாம். ‘கலிப்ரேட்’ என்ற இலவச நிரல் இதற்கென்றே இருக்கிறது. யாருடைய பேச்சையும் அது ஒட்டுக் கேட்பதில்லை. தொனி எங்கே இருக்க வேண்டும், எங்கே இருப்பதாக டொங்கிள் சொல்கிறது என்று மட்டும் பார்க்கிறது. 940 மெகாஹேர்ட்ஸில் 47 கிலோஹேர்ட்ஸ் வித்தியாசம் காட்டினால், படிகம் பத்து இலட்சத்தில் 50 பங்கு பிசகியிருக்கிறது. அந்த எண்ணை மென்பொருளில் கொடுத்துவிட்டால் மற்ற எல்லா அளவுகளையும் அது திருத்திக் காட்டும். டொங்கிள் நன்றாகச் சூடேறிய பிறகு செய்வதும், ஒரு கோபுரத்தோடு நிறுத்தாமல் இரண்டு மூன்றைப் பார்ப்பதும் நல்லது. பக்கத்துக் காம்பராப் பெட்டியைக் கேட்ட அதே நியாயம்.

கோபுரத்துக்குச் சரி பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டால், வலையமைப்பின் மையக் கடிகாரம். அதற்கு? படியேறிக்கொண்டே போனால் கடைசியில் அணுக்கடிகாரத்தில் முடியும். 1967 முதல் ஒரு விநாடி என்பதே சீசியம் அணு வெளியிடும் ஒரு குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அதிர்வுகள் என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே ஒப்பிட எதுவும் இல்லை. சீசியம் அணு எல்லா ஊரிலும் ஒன்று என்ற நம்பிக்கையில் உலகம் ஓடுகிறது.

மெய்யாகவே நகரும் மீடிறன்

தராசு சரியாகிவிட்டது. இனி ஒரு மீடிறன் நகர்வதைக் கண்டால், நகர்வது நம் பெட்டி இல்லை என்று துணிந்து சொல்லலாம். அப்படி மெய்யாகவே நகர்பவற்றைப் பார்ப்போம்.

ஹட்டன் நிலையத்தை நெருங்கும் ரயிலின் ஊதல் ஒரு சுருதியில் கேட்கும். கடந்து போனதும் சுருதி இறங்கும். ஒலி தரும் பொருள் நெருங்கினால் மீடிறன் கூடும், விலகினால் குறையும் என்பது தொப்பிளர் விளைவு. மலையேறும் ரயில் மணிக்கு 30 கிலோமீற்றர் போவதாகக் கொண்டால், நெருங்கும்போது சுருதி 2.4 வீதம் கூடும், விலகும்போது அதே அளவு குறையும். கூர்ந்து கேட்டால் காதுக்குத் தெரியும் மாற்றம்.

சர்வதேச விண்வெளி நிலையம் விநாடிக்கு 7.66 கிலோமீற்றர், அதாவது மணிக்கு 27,000 கிலோமீற்றருக்கு மேல் பறக்கிறது. அடிவானத்தில் எழும்போது நம்மை நோக்கி வரும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.2 கிலோமீற்றர். மீடிறன் எவ்வளவு கூடும்? வெறும் 0.0024 வீதம். ரயிலின் மாற்றத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு! ஒலியைவிட வானொலி அலையின் வேகம் அவ்வளவு பெரிது. விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் வானொலி 145.800 மெகாஹேர்ட்ஸில் பேசுகிறது. அது எழும்போது நமக்கு ஏறத்தாழ 3,500 ஹேர்ட்ஸ் மேலே கேட்கும். உச்சிக்கு வரும்போது சரியான இடத்தில் நிற்கும். மறையும்போது 3,500 ஹேர்ட்ஸ் கீழே போயிருக்கும்.

0.0024 வீதம் என்றால் பத்து இலட்சத்தில் 24 பங்கு. திருத்தாத டொங்கிளின் பிசகோ 50 பங்கு. தராசின் பிழை சரக்கைவிடக் கனம்! படிக்கல்லைப் பற்றி இவ்வளவு நீளமாகப் பேசியதற்குக் காரணம் இதுதான்.

திரையில் இந்தக் கடப்பு ஒரு சாய்ந்த வளைவாக விழும். தொடக்கத்தில் ஏறத்தாழ நேராக இறங்கும். நடுவில் சட்டென்று ஒரு பக்கம் பாயும். முடிவில் மறுபடி நேராகும். வளைவு எந்தக் கணத்தில் மிக வேகமாகப் பாய்கிறதோ அந்தக் கணத்தில் செய்மதி நமக்கு மிக அருகில் இருக்கிறது. பாய்ச்சல் எவ்வளவு வேகமோ அவ்வளவு அருகில். தலைக்கு நேர் மேலே போனால் சடாரென்று மாறும். தொலைவில் அடிவானத்தை ஒட்டிப் போனால் மெதுவாக மாறும். மீடிறனைத் தவிர வேறெதையும் அளக்காமலேயே செய்மதியின் தூரமும் நேரமும் கிடைத்துவிடுகின்றன.

ஸ்புட்னிக் சொல்லிக்கொடுத்தது

இதை முதன்முதலில் முழுமையாகச் செய்து காட்டியவர்கள் இருவர். 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் 1ஐ ஏவியது. 20.005 மெகாஹேர்ட்ஸிலும் 40.002 மெகாஹேர்ட்ஸிலும் அது துடித்துக்கொண்டே உலகைச் சுற்றியது. அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகப் பிரயோகப் பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் வில்லியம் கையர், ஜோர்ஜ் வைஃபன்பாக் என்ற இரண்டு இளம் விஞ்ஞானிகள் அதை ஒலிநாடாவில் பதிந்தனர். துல்லியமான நேரக்குறிகளையும் கூடவே பதிந்தனர். ஸ்புட்னிக் எழுவது முதல் மறைவது வரை தொனி நூற்றுக்கணக்கான ஹேர்ட்ஸ் நகர்ந்தது. அந்த வளைவுக்குப் பொருந்தும் பாதையைத் தேடித் தேடிச் செய்மதியின் சுற்றுப்பாதையையே கணக்கிட்டுவிட்டார்கள்.

அவர்கள் செய்த ஒரு கெட்டிக்காரத்தனம் நமக்கும் பாடம். ஸ்புட்னிக்கின் ஒலிபரப்பி சரியாக எந்த மீடிறனில் ஓடுகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வார்? அதையும் தெரியாத எண்ணாகவே வைத்துக் கணக்கிட்டார்கள். நிலையான பிழை வளைவு முழுவதையும் இடமோ வலமோ தள்ளுமே தவிர, வளைவின் வடிவத்தைக் கெடுக்காது. வடிவத்தைக் கெடுப்பது அளக்கும் நேரத்திலேயே நகர்ந்துகொண்டிருக்கும் பிழை. ஆகவே டொங்கிளைப் பொறுத்தவரை, ஒரேயடியாகப் பிசகி நிற்கும் படிகத்தைச் சமாளிக்கலாம். குளிர்காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் படிகம்தான் ஆபத்து.

அடுத்த ஆண்டு அவர்களின் மேலாளர் ஃபிராங்க் மெக்லூர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்: நாம் நிற்கும் இடம் தெரிந்தால் செய்மதியின் பாதை கிடைக்கிறது, செய்மதியின் பாதை தெரிந்தால் நாம் நிற்கும் இடம் கிடைக்காதா? கிடைக்கும். அமெரிக்கக் கடற்படைக்காக உருவான ‘ட்ரான்சிட்’ வழிகாட்டிச் செய்மதி 1960 ஏப்ரலில் வெற்றிகரமாக ஏறியது. ஜிபிஎஸ்ஸுக்கு அதுவே முன்னோடி.

மூன்று செய்மதி, ஒரே வேளை

இலங்கையின் முதல் செய்மதி ராவணா 1. ஆதர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவகத்தின் ஊடாகச் சென்ற தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகிய இரு பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவகத்தில் அதை உருவாக்கினார்கள். பக்கத்துக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் கொண்ட கனசதுரம். 2019 ஏப்ரலில் விண்வெளி நிலையத்துக்கு ஏற்றப்பட்டு, ஜூன் 17ஆம் திகதி அங்கிருந்து வெளியே விடப்பட்டது. கூடவே நேபாளத்தின் நேபாளிசாட் 1, ஜப்பானின் உகுயிசு என்று இரண்டு உடன்பிறப்புகள்.

இப்படிச் சேர்ந்தே விடப்படும் சிறு செய்மதிகளில் எது எது என்று எப்படி அறிவது? ராடாருக்கு எல்லாம் ஒரே அளவுப் புள்ளிகள். அவற்றின் மீடிறன் வளைவே அடையாள அட்டை. 437 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் ஒலிபரப்பும் ஒரு செய்மதி 400 கிலோமீற்றர் உயரத்தில் நேர் மேலே கடக்கும்போது, அதன் மீடிறன் விநாடிக்கு ஏறத்தாழ 200 ஹேர்ட்ஸ் வேகத்தில் நகரும். இரண்டு செய்மதிகள் ஒரே பாதையில் ஒரு விநாடி முன்பின்னாக வந்தால், திரையில் அவை 200 ஹேர்ட்ஸ் விலகி இரண்டு கோடாகத் தெரியும். அளந்த வளைவை ராடார் தந்த ஒவ்வொரு பாதையோடும் ஒப்பிட்டால், எது பொருந்துகிறதோ அது அந்தச் செய்மதி. 2014இல் கிரேக்கத்தில் தொடங்கிய சாட்நாக்ஸ் என்ற தன்னார்வ வலையமைப்பு இந்த வேலைக்குப் பேர்போனது. அதன் நிலையங்கள் பலவற்றில் நாம் பிரித்துப் பார்த்த அதே வகை டொங்கிள்கள்தான் இருக்கின்றன.

ஓடுகிற மீடிறனை அளப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பிரிவலு வேண்டும் என்று ஒரு விநாடி முழுவதும் கேட்டால், அதற்குள் அலை 200 ஹேர்ட்ஸ் ஓடிவிடும், கோடு பட்டையாகும். மிகக் குறைவாகக் கேட்டால் பிரிவலு போய்விடும். இடையில் ஓர் அளவு இருக்கிறது. விநாடியின் பதினான்கில் ஒரு பங்கு கேட்டால் பிரிவலு 14 ஹேர்ட்ஸ். அந்த நேரத்துக்குள் அலை ஓடுவதும் 14 ஹேர்ட்ஸ். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால், செய்மதியின் எதிர்பார்த்த ஓட்டத்தை மென்பொருளில் முதலிலேயே கழித்துவிட்டு, மிச்சமிருக்கும் சிறு நகர்வை மட்டும் நீண்ட நேரம் கேட்க வேண்டும். மீடிறனைப் பின்தொடர்வது என்பதன் உட்பொருள் இதுதான். எங்கே இருக்கும் என்று ஊகித்து, ஊகத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்த்து, ஊகத்தைத் திருத்திக்கொண்டே போவது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மலைநாட்டில் இதற்கு ஓர் இடைஞ்சலும் உண்டு. திறந்த வெளியில் விண்வெளி நிலையத்தின் கடப்பு ஏறத்தாழ பத்து நிமிடம் நீடிக்கும். சுற்றிலும் மலை பத்துப் பாகை உயரத்துக்கு வானத்தை மறைத்தால் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேலே மட்டுமே மிஞ்சும். ஆயினும் வளைவு வேகமாகப் பாயும் நடுப்பகுதி, அதாவது தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் பகுதி, அந்த ஆறு நிமிடத்துக்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தாக்கில் இருப்பவர் இழப்பது அதிகமில்லை.

உயர்தரப் பௌதிகவியலில் தொப்பிளர் விளைவு பாடமாக இருக்கிறது. பெரும்பாலும் ரயில் ஊதலோடும் சமன்பாட்டோடும் முடித்துவிடுகிறோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பாடசாலைகளில் ஒரு மடிக்கணினியும் ஒரு டொங்கிளும், ஒவ்வொன்றும் அரை மீற்றர் நீளமான இரண்டு கம்பிகளில் செய்த அன்டெனாவும் இருந்தால், அதே பாடத்தை விண்வெளி நிலையத்தை வைத்து நடத்தலாம். அது பேசும் நேரம், படம் அனுப்பும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. கருவியை வரவழைக்குமுன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேட்பதோடு நிற்காமல் ஒலிபரப்பவும் விரும்பும் மாணவர்களை அமெச்சூர் உரிமப் பரீட்சைக்கு அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் கட்டாயமாக்குங்கள். மாணவர் குறிப்பேட்டில் மீடிறனை எழுதும்போது, எந்தக் கோபுரத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார், டொங்கிள் எவ்வளவு நேரம் சூடேறியிருந்தது, எத்தனை விநாடி கேட்டார் என்ற மூன்றையும் பக்கத்திலேயே எழுதட்டும். அந்த மூன்றும் இல்லாத எண்ணுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.